தெலோக் பாயுவில் கேட்ட பாட்டு

லோஷினிக்கும் ஜீவனுக்கும் கல்யாணம் நிச்சயமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. இந்த மூன்று மாதத்தில் ஜீவனின் அம்மா தனலெட்சுமி அவளிடம் பேசியதை எல்லாம் எழுதினால் அரைப் பக்கம் தேறாது. கேட்டதற்கு "ஆமா" என்பார், "சரி" என்பார். சில நேரம் கேள்வி காதிலேயே விழாதவர்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"அம்மா அப்படித்தான். கொஞ்சம் கறாரு. போகப் போக சரியாயிரும்" என்பான் ஜீவன்.

லோஷினிக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. அவள் லாயாங் லாயாங்கில் பிறந்து வளர்ந்தவள். இப்போது கெலாங் பாத்தாவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாள். மேடை நிகழ்ச்சிகளுக்குச் சவுண்ட் அமைத்துக் கொடுக்கும் நிறுவனம். ஸ்பீக்கர் பெட்டிகளை லாரியிலிருந்து இறக்குவதிலிருந்து, நிகழ்ச்சி முடியும்வரை மிக்சர் முன்னால் நிற்பதுவரை அவள் வேலைதான். ஒரு பெண்ணுக்கு இது என்ன வேலை என்று தனலெட்சுமி நினைக்கிறார் போலிருக்கிறது என்று அவளாகவே முடிவு செய்து வைத்திருந்தாள். நிச்சயதார்த்தத்தன்று அவர் அவள் விரல்களைத் திருப்பிப் பார்த்து, "கை புண்ணாகாதா, அந்த மருந்தெல்லாம் படுறப்ப?" என்று கேட்டது இன்றுவரை அவளுக்குப் புரியவில்லை. கேபிள் சுற்றுகிற கையில் என்ன மருந்து படும்?

இந்த இறுக்கத்தைத் தளர்த்தத்தான் ஜீவன் ஒரு யோசனை செய்தான். மெர்சிங்குக்குத் தெற்கே தெலோக் பாயு என்று ஒரு சின்னக் கடற்கரை ஊர். சனிக்கிழமைகளில் அங்கே கடைக்குக் கடை பாட்டுக் கச்சேரி நடக்கும். லோஷினிக்குப் பிடிக்கும், அம்மாவுக்குக் கடல் காற்று நல்லது. மூன்று பேருமாகப் போய் ஒரு நாள் தங்கிவிட்டு வரலாம் என்று இரண்டு அறை பதிவு செய்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனிடமிருந்து போன் வந்தது. அவன் பெங்கேராங்கில் ஒரு எண்ணெய் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவன்.

"கூட வேலை செய்றவருக்கு டெங்கி. நாளைக்கு ஷிப்ட்ட நான்தான் பாக்கணும். நீங்க ரெண்டு பேரும் போங்க, நான் ஞாயித்துக்கெழம காலையில நேரா அங்க வந்துருறேன்."

"ரெண்டு பேருமா? ஜீவன், நாங்க ரெண்டு பேரும் என்ன பேசுறது?"

"பாட்டு கேக்கத்தானே போறீங்க. பேச வேண்டியதே இல்ல லா."

வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை, தனலெட்சுமியும் சொல்லவில்லை. இரண்டு பேருமே மற்றவர் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று பயந்ததுதான் காரணம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லோஷினி ரெங்கத்தில் ஜீவன் வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள். தனலெட்சுமி மடிப்புக் கலையாத சுடிதாரில், கையில் ஒரு துணிப்பையோடு தயாராக நின்றார். ஜீவனின் அப்பா ராஜசேகரன் தோட்டத்துக் குழாயைக் கையில் பிடித்தபடி தலையை ஆட்டி வழியனுப்பினார்.

காரில் ஏறியதும் தனலெட்சுமி செய்த முதல் வேலை, ரேடியோவை அணைத்ததுதான். குளுவாங் தாண்டும்வரை வைப்பர் சத்தம் மட்டும்தான். மழை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி, கஹாங்குல நிறுத்தி தே குடிக்கலாமா, இல்ல நேரா போயிரலாமா?"

"ஆமா."

எதற்கு ஆமா என்று தெரியவில்லை. மறுபடி கேட்கத் துணிவில்லாமல் அவள் நேராக ஓட்டினாள். கஹாங் கடைவீதியை கார் கடந்தபோது தனலெட்சுமி திரும்பி, பின்னால் போகும் கடைகளை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வையில் ஏமாற்றம் இருந்தது. ஜெமாலுவாங் முச்சந்தியைத் தாண்டியபோது மழை நின்றது. மரங்களுக்கு நடுவே கடல் தெரிந்தது. தனலெட்சுமி கண்ணாடியை இறக்கி முகத்தைக் காற்றில் காட்டினார்.

தெலோக் பாயுவில் ஒரே ஒரு வீதிதான். ஒரு பக்கம் சவுக்கு மரங்களும் மணலும் கடலும். மறு பக்கம் பழைய மரக் கடைகளின் வரிசை. ஒரு கோடியில் மீன்பிடிப் படகுகள் நிற்கும் துறை. தங்கும் விடுதி நடுவில் இருந்தது. அங்கே வரவேற்பில் இருந்த மலாய்ப் பெண்ணுக்குச் சளி. முகக்கவசம் போட்டிருந்தாள். அவள் அடையாள அட்டையைக் கேட்டாள். தனலெட்சுமி அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் இரண்டாம் முறையும் கேட்டாள். தனலெட்சுமியின் முகம் சிவந்தது.

"வாயத் தொறந்து பேசச் சொல்லு இந்தப் பொண்ண" என்று லோஷினியிடம் கடுகடுத்துவிட்டு, போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

லோஷினி மன்னிப்புக் கேட்டு, சாவிகளை வாங்கிக்கொண்டாள். இந்த நாள் எப்படி முடியப்போகிறதோ என்று அவளுக்குக் கவலையாக இருந்தது.

நான்கு மணிக்கு ஊர் விழித்துக்கொண்டது. வெயில் தணிந்ததும் ஒவ்வொரு கடையாக நாற்காலிகளை மணலில் இறக்கினார்கள். காப்பிக் கடை முன்னால் இரண்டு சீனக் கிழவர்கள், அண்ணன் தம்பிகளாம், ஒருவர் கிட்டார், ஒருவர் மௌத் ஆர்கன். பர்கர் தள்ளுவண்டி பக்கத்தில் மெர்சிங்கிலிருந்து வந்த கல்லூரிப் பெண்கள் நான்கு பேர், மரப்பெட்டியைத் தட்டித் தாளம் போட்டுப் பாடினார்கள். ஒரு கடையைத் தாண்டி நான்கு எட்டு வைத்தால் அந்தப் பாட்டு தேய்ந்து, அடுத்த பாட்டு வந்து பிடித்துக்கொள்ளும். சிங்கப்பூரில் பெரிய பெரிய அரங்குகளில் வேலை செய்தவளுக்கு இது புதிதாக இருந்தது. இங்கே மேடை இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை. பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவே ஒரு தட்டு வறுத்த மீன்தான் இடைவெளி. வந்த கவலையை மறந்து லோஷினி சிரித்தாள். திரும்பிப் பார்த்தபோது தனலெட்சுமி பின்னால் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, பள்ளி ஆய்வாளரைப்போல வந்துகொண்டிருந்தார்.

வீதியின் கடைசியில் ரேமண்டின் மீன் கடை. வாழையிலையில் மடித்து மீன் சுடும் வாசம் தூரத்திலேயே வந்தது. ரேமண்டுக்கு ஐம்பது வயதிருக்கும். மெர்சிங்கில் பிறந்த தமிழர். கழுத்தில் சின்னச் சிலுவை, இடுப்பில் மிளகாய் கறை படிந்த ஏப்ரன். இவர்கள் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்கக்கா, வா தங்கச்சி. நம்ம ஆளுங்க இந்தப் பக்கம் வர்றதே அபூர்வம். முன்னாடியே ஒக்காருங்க. இப்ப கசல் ஆரம்பிச்சிருவாங்க."

அவர் காட்டிய மேசை வலது பக்க ஸ்பீக்கருக்கு நேர் எதிரே இருந்தது. மணலில் பாய் விரித்து ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஹார்மோனியம், தபேலா, வயலின், வீணை மாதிரி மீட்டுகிற கம்புஸ், கையில் குலுக்குகிற ஒரு தம்பூரின். கசல் என்றால் ஜொகூர் மலாய்க்காரர்களுக்கு உயிர். இந்த ஐந்து பேரும் பக்கத்துக் கிராமத்து ஆட்கள். மூன்று பேர் மீனவர்கள், ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஹார்மோனியத்தோடு பாடுகிற பாக்சிக் சாலேவுக்கு, சாலே மாமாவுக்கு, எழுபது வயது.

முதல் பாட்டிலேயே சிக்கல். பாக்சிக் சாலே வாயைத் திறந்ததும் மைக் ஊளையிட்டது. ரேமண்ட் அடுப்பிலிருந்து ஓடிவந்து, ஒரு கையில் இடுக்கியோடு மறு கையால் மிக்சரில் எதையோ திருகினார். ஊளை நின்றது, கூடவே வயலினும் நின்றது. மறுபடி ஓடி மீனைப் புரட்டினார். மறுபடி ஊளை. வழக்கமாகச் சவுண்ட் பார்க்கிறவர் மகளின் பட்டமளிப்புக்கு மலாக்கா போய்விட்டாராம்.

மூன்றாவது ஊளையில் லோஷினியால் உட்கார முடியவில்லை.

"அண்ணே, நான் கொஞ்சம் பாக்கட்டுமா?"

"ஒனக்குத் தெரியுமாம்மா?"

"அதான் என் வேலை."

ரேமண்ட் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எடுத்துக்க தாயே. மீன் கருகுது" என்று ஓடினார்.

மிக்சரின் பொத்தான்களில் சம்பல் ஒட்டியிருந்தது. லோஷினி அதைத் துடைத்தாள். ஸ்பீக்கர்களைப் பாடகருக்கு முன்னால் நகர்த்தினாள். ஹார்மோனியத்துக்குள் நுழைத்து வைத்திருந்த மைக்கை வெளியே எடுத்துச் சாய்த்து வைத்தாள். கம்புஸ் வாசிப்பவரை இரண்டடி தள்ளி உட்காரச் சொல்லி மலாயில் கேட்டாள். அவர் பாயோடு நகர்ந்தார். பிறகு ஒவ்வொரு குரலாக, ஒவ்வொரு கருவியாக மேலே கொண்டுவந்தாள். ஐந்து நிமிடத்தில் பாக்சிக் சாலேவின் குரல் தடையில்லாமல் மணல்மேல் பரவியது. பக்கத்துக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்கள். பாக்சிக் சாலே பாட்டை நிறுத்தாமலே அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

அந்தச் சந்தோஷத்தில் அவள் தனலெட்சுமியைத் திரும்பிப் பார்த்தாள்.

தனலெட்சுமி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, இடது பக்கத்தைப் பாட்டுக்காரர்களிடம் காட்டி உட்கார்ந்திருந்தார். தலை சாய்ந்திருந்தது. கண்கள் பாக்சிக் சாலேவின் உதடுகள்மேல் நிலைத்திருந்தன. நெற்றி சுருங்கியிருந்தது. காலையிலிருந்து கோபம் என்று அவள் நினைத்திருந்த அதே முகம்.

இந்த உட்காரும் விதத்தை லோஷினி முன்பே பார்த்திருக்கிறாள். அவளுடைய நிறுவனத்தில் ஒரு மூத்தவர், முப்பது வருடம் டிரம்ஸ் வாசித்துவிட்டுச் சவுண்ட் வேலைக்கு வந்தவர், கூட்டங்களில் இப்படித்தான் உட்காருவார். இப்படித்தான் தலையைச் சாய்ப்பார். எதைக் கேட்டாலும் முதலில் ஆமாம் என்பார்.

காரில் தனலெட்சுமியின் வலது காதுதான் தன் பக்கம் இருந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ரேடியோ. கஹாங். முகக்கவசம் போட்ட பெண்.

பாட்டு முடிந்ததும் அவள் போய், தனலெட்சுமியின் இடது பக்கத்தில், முகத்துக்கு நேராகத் தெரியும்படி மணலில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். சத்தம் போடாமல், மெதுவாக, வாயை நன்றாக அசைத்துக் கேட்டாள்.

"ஆன்ட்டி, பாட்டு கேக்குதா?"

"கேக்குதே."

"என்ன பாடுறாரு?"

தனலெட்சுமி கடலைப் பார்த்தார். மேசைமேலிருந்த கோப்பையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வைத்தார். அவர் கோபமாகப் போகிறார் என்று லோஷினி பயந்தாள். கேட்டிருக்கக் கூடாதோ என்று எழுந்திருக்கப் போனாள்.

"சத்தம் கேக்குது" என்றார் தனலெட்சுமி. குரல் தணிந்திருந்தது. "சொல்லு கேக்கல."

"எவ்வளவு நாளா?"

"எட்டு வருஷம். பத்துகூட இருக்கும்." சுற்றும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். "குளுவாங்குல பலகை ஃபாக்டரியில இருபத்தாறு வருஷம் நின்னேன்ல. ரம்பம் எனக்கு வலது பக்கம். ஜீவனுக்குத் தெரியாது. அவங்கப்பாவுக்கும் தெரியாது. சொல்லிறாத."

"சொல்ல மாட்டேன்."

லோஷினி எழுந்து அவர் கையைப் பிடித்தாள். "வாங்க ஆன்ட்டி. என்கூட அங்க வந்து ஒக்காருங்க."

மிக்சருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டாள். ரேமண்டிடம் கேட்டு ஒரு ஹெட்போன் வாங்கினாள். காது முழுவதையும் மூடுகிற பெரிய ஹெட்போன். அதை மிக்சரில் தனி வழியில் சேர்த்தாள். அதில் போகிற சத்தம் தனலெட்சுமிக்கு மட்டும்தான், ஸ்பீக்கரில் வருவதோடு சம்பந்தமில்லை. ரம்பச் சத்தம் முதலில் தின்றுவிடுவது மேல் ஸ்தாயியைத்தான் என்று அவளுக்குத் தெரியும். ச, த, க என்று சொல்லுக்கு உருவம் கொடுக்கிற ஓசைகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அடி ஓசையைக் குறைத்தாள். தபேலாவைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினாள். பாக்சிக் சாலேவின் குரலை முன்னுக்குக் கொண்டுவந்து, மேல் ஓசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீட்டினாள். முதலில் தன் காதில் வைத்துப் பார்த்து, அதிகச் சத்தமில்லை என்று உறுதி செய்துகொண்டு, தனலெட்சுமியின் தலையில் மாட்டிவிட்டாள்.

அடுத்த பாட்டு ஆரம்பித்தது. ஹார்மோனியம் மெதுவாக எழுந்தது. வயலின் அதன் பின்னால் வந்தது. பாக்சிக் சாலே பாடத் தொடங்கினார்.

தனலெட்சுமி அசையவில்லை. கண்ணை இரண்டு முறை கொட்டினார். பிறகு ஒரு கை தானாக எழுந்து வாயை மூடியது.

"பெராஹுன்னு பாடுறாரு" என்றார். ஹெட்போன் மாட்டியிருந்ததால் அவர் குரல் ஊருக்கே கேட்டது. "படகு போயிருச்சாம். அவ இன்னும் கரையில நிக்கிறாளாம்."

பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் தெரியாதவர்களும் சிரித்தார்கள். தனலெட்சுமி எதையும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு வரியையும் லோஷினிக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தார், லோஷினிக்கு மலாய் தெரியாது என்பதைப்போல. வயலின் தனியாக வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். தம்பூரின் குலுங்கியபோது, "அது என்ன, சலங்கையா?" என்று கேட்டுத் தேடினார். கண்டுபிடித்ததும் அதை வைத்திருந்த தபால்காரரைப் பார்த்துக் கையசைத்தார். அவரும் கையசைத்தார்.

இரண்டு பாட்டு முடிந்ததும் பாக்சிக் சாலே மைக்கில் கேட்டார். அங்கே ஹெட்போன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மா யார், ரேடியோ நிலையத்திலிருந்து வந்திருக்கிறாரா என்று.

"அது எங்க புது மேனேஜர்" என்று மலாயில் அடுப்பிலிருந்தே கத்தினார் ரேமண்ட்.

தனலெட்சுமி எழுந்து நின்றார். ரெங்கத்தில் வளர்ந்தவரின் மலாய், தடங்கலில்லாத மலாய். ஆடுவதற்கு நல்ல ஜோகெட் ஒன்று வாசிப்பீர்களா, காலையிலிருந்து உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துவிட்டது என்றார். பாய்மேல் இருந்த ஐந்து பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தபேலா துள்ளியது.

முதலில் காப்பிக் கடைப் பக்கமிருந்து வந்த மூன்று மலாய்ப் பெண்கள் ஆட வந்தார்கள். பிறகு பர்கர் வண்டிக் கல்லூரிப் பெண்கள். அவர்களில் ஒருத்தி கையை நீட்டியதும் தனலெட்சுமி மணலில் இறங்கிவிட்டார். ஆனால் ஹெட்போனின் கேபிள் இரண்டு முழம்தான். இழுத்துப் பிடித்த ஆட்டுக்குட்டி மாதிரி, கேபிள் எட்டும் தூரத்துக்குள்ளேயே முன்னால் மூன்று அடி, பின்னால் மூன்று அடி வைத்து ஆடினார். கழற்றிவிட்டு ஆடலாமே என்று லோஷினி சைகை காட்டினாள். தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

ரேமண்ட் இதைப் பார்த்துவிட்டார். மீனை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடி, பத்து மீட்டர் கேபிள் ஒன்றை எடுத்துவந்து இணைத்தார். அதன்பிறகு தனலெட்சுமி போகாத இடமில்லை. லோஷினி மிக்சரில் ஒரு கையும் கேபிளில் ஒரு கையுமாக, யார் காலிலும் மாட்டாமல் இழுத்தும் விட்டும் கொடுத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருட வேலையில் அவள் இவ்வளவு சிரித்தது கிடையாது. கடலுக்குமேல் வானம் ஆரஞ்சு நிறமாகி, பிறகு இளஞ்சிவப்பாகியது. மக்ரிப் தொழுகைக்கு முன் கசல்காரர்கள் நிறுத்தியபோது, தனலெட்சுமியின் மடிப்புக் கலையாத சுடிதார் முழங்கால்வரை மணலாக இருந்தது.

இருட்டத் தொடங்கியதும் ரேமண்ட் வாழையிலையைப் பிரித்து மீனை மேசையில் வைத்தார். ஒரு பக்கம் கருகியிருந்தது.

"இது நான் தர்றது. கருகுனது என் தப்பு, ஆனா அக்கா ஆடுனதும் ஒரு காரணம்" என்றார்.

லோஷினி தனலெட்சுமியின் இடது பக்கம் உட்கார்ந்தாள். வீதியில் சத்தம் குறைந்திருந்தது. இப்போது அவர் நன்றாகவே கேட்டுப் பதில் சொன்னார்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார் தனலெட்சுமி. "நீ சலூன்லதானே வேலை செய்ற? இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

லோஷினியின் கையிலிருந்த சோறு இலையில் விழுந்தது. "சலூனா?"

"சிங்கப்பூர்ல சலூன். ஜீவன் மொதமொதல்ல சொன்னப்பவே சொன்னானே."

"சவுண்ட் ஆன்ட்டி. சவுண்ட். அவரு சவுண்ட்னு சொல்லியிருப்பாரு."

தனலெட்சுமி மீனை மெல்லுவதை நிறுத்தினார். யோசித்தார். "அதான் கை புண்ணாகாதான்னு கேட்டேன். முடிக்குப் போடுற சாயம் கையில பட்டா ஒத்துக்காதுன்னு சொல்லுவாங்கல்ல." மறுபடி யோசித்தார். "ஒங்க மாமாகிட்டகூட கேட்டேன், சலூன்ல எதுக்கு ஞாயித்துக்கெழமகூட லீவு குடுக்க மாட்டேங்குறாங்கன்னு. அவரு ம்ன்னாரு."

முதலில் லோஷினிக்குத்தான் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். தனலெட்சுமியின் தோள் குலுங்கத் தொடங்கியதும் இரண்டு பேருமே அடக்குவதை விட்டுவிட்டார்கள். புரை ஏறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார்கள்.

"என்னைப் பிடிக்கலன்னு நெனச்சேன்" என்றாள் லோஷினி, கண்ணைத் துடைத்தபடி.

"யாரு சொன்னா? நீ வேகமா பேசுற. பாதி புரியாது. மறுபடி கேட்டா இவ கெழவி ஆயிட்டான்னு நெனப்பியோன்னு சும்மா இருந்துருவேன்." இலையின் ஓரத்தை மடித்தார். "ஃபாக்டரியில ஒருத்தி இருந்தா. காது போச்சுன்னு தெரிஞ்சதும் எல்லாரும் அவள செவிடின்னே கூப்ட ஆரம்பிச்சிட்டாங்க. பேரு சரஸ்வதி. கடைசியில யாருக்கும் அவ பேரே ஞாபகம் இல்ல. எனக்கு அது வேணாம்னு இருந்துச்சு."

லோஷினி மீனின் கருகாத பக்கத்தைப் பிய்த்து அவர் இலையில் வைத்தாள். "காதுக்கு மெஷின் இருக்கு, அத்தை. இப்பல்லாம் ரொம்பச் சின்னதா வருது. இன்னைக்கு நான் மிக்சர்ல செஞ்சத அது தானாவே செய்யும். பேசுறதுக்கு இதவிட நல்லாவும் செய்யும்."

ஆன்ட்டி அத்தையானதை இரண்டு பேரும் கவனித்தார்கள்.

"பரிசோதனைக்கு நீ கூட வருவியா?"

"வர்றேன்."

"அப்ப போலாம். ஆனா ஜீவன்கிட்ட நான்தான் சொல்லுவேன். நீ வாயத் தொறக்கக் கூடாது."

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஜீவன் வந்து சேர்ந்தான். ஷிப்ட் முடிந்து சரியாகத் தூங்காத முகம். வழியெல்லாம் என்ன ஆகியிருக்குமோ என்று கவலைப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறான். விடுதியின் பின்பக்கம் சவுக்கு நிழலில் அம்மாவும் லோஷினியும் ஒரே ரொட்டி சானாயைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து அப்படியே நின்றான்.

"ஒக்காரு" என்றார் தனலெட்சுமி. "எனக்குக் காது சரியா கேக்கல. பத்து வருஷமா. நேத்து இந்தப் பொண்ணு கண்டுபிடிச்சிட்டா. வெள்ளிக்கெழம குளுவாங்குல டாக்டர்கிட்ட போறோம். தே குடிக்கிறியா?"

ஜீவன் உட்கார்ந்தான். அவன் முகத்தில் பத்து வருடமும் ஓடுவது தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதை ஓடிவந்து சொன்னபோது அம்மா "சரி" என்றது. லோஷினியைக் காதலிக்கிறேன் என்று சமையலறையில் முதன்முதலாகச் சொன்னபோது, தாளிப்புச் சத்தத்தில் "ஆமா" என்றது.

"அப்ப லோஷினி பத்தி நான் சொன்னப்ப..."

"மூணு தடவ சொன்னதுக்கப்புறம்தான் புரிஞ்சிச்சு. மொத தடவ ரேஷன் பத்தி என்னமோ சொல்றேன்னு நெனச்சேன்."

ஜீவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். சிரிக்கவும் செய்தான், கண்ணும் கலங்கியது. "சொல்லியிருக்கலாம்லம்மா."

"இப்ப சொல்லிட்டேன்ல" என்றார் அவர். அவனுக்குத் தே வந்தது.

பரிசோதனையில் வலது காது மோசம், இடது காது பரவாயில்லை என்று தெரிந்தது. இரண்டுக்கும் மெஷின் வந்தது. காதுக்குப் பின்னால் முடிக்குள் மறைந்துவிடுகிற அளவு. முதல் வாரம் தனலெட்சுமி திண்டாடிப்போனார். பிளாஸ்டிக் பை கசங்குவதும் குளிர்சாதனப் பெட்டி உறுமுவதும் தாங்க முடியவில்லை என்று லோஷினிக்குப் போன் செய்தார். பிறகு ஒரு நாள், வீட்டுக் கூரையில் மழை விழுவதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டேன் என்று போன் செய்தார். பிறகு காரணமே இல்லாமல் தினமும் போன் செய்தார்.

மெஷின் போட்டுக்கொண்டது ரெங்கத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவரே கோயிலில் கழற்றிக் காட்டினார். ஒருவரும் அவரைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடவில்லை. இரண்டு பேர் தனியாக வந்து, டாக்டரின் விலாசத்தை மட்டும் கேட்டுக்கொண்டு போனார்கள்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான்கு பேருமாக மறுபடி தெலோக் பாயு போனார்கள். அன்றைக்குச் சவுண்ட் லோஷினியிடம் என்று ரேமண்ட் முன்பே சொல்லிவைத்திருந்தார். கசல் முடிந்து, எட்டு மணிக்கு ரேமண்டின் வாத்தியக் குழு வந்தது. அவர் பேஸ் கிட்டார் வாசிப்பார். யார் வேண்டுமானாலும் வந்து பாடலாம் என்று அறிவித்தார். யாரும் எதிர்பார்க்காமல் ராஜசேகரன் எழுந்து போனார். வீட்டில் ம் என்பதற்குமேல் பேசாதவர், மைக்கை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

தனலெட்சுமி கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு மிக்சர் பக்கம் சாய்ந்து லோஷினியின் காதில் சொன்னார்.

"குளிக்கிறப்ப தினமும் பாடுவாரு. இவ்வளவு நாளா நல்லாத்தான் பாடுறாருன்னு நெனச்சிட்டிருந்தேன். சுதியே இல்லையே."

"கொறைச்சிரவா அத்தை?"

ராஜசேகரன் அடுத்த அடிக்குப் போனார். சுதி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது. ரேமண்ட் அவரைத் துரத்திப் பிடிக்கக் கிட்டாரோடு போராடினார். கல்லூரிப் பெண்கள் கை தட்டித் தாளம் போட்டார்கள். தனலெட்சுமி இரண்டு காதுகளையும் தொட்டுச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"வேணாம். கொஞ்சம் ஏத்து" என்றார்.